களிம்போடு கழுவப்படும் சாட்சி

இத்தாலியின் பெஸ்டம் நகரில் 1954ஆம் ஆண்டு ஒரு நிலத்தடி வழிபாட்டிடத்தைத் தோண்டியபோது, வெண்கலச் சாடிகளுக்குள் பிசுபிசுப்பான படிவு கிடைத்தது. வயது சுமார் 2,500 ஆண்டுகள். தேன் என்றுதான் முதலில் நினைத்தார்கள். அடுத்தடுத்த ஆய்வுகள் அதை மறுத்து, கொழுப்பு அல்லது மெழுகு என்றன. 2025இல் ஆக்ஸ்போர்டு வேதியியலாளர்கள் அதே படிவில் சர்க்கரைகளையும் தேனீயின் புரதங்களையும் கண்டு, தேன்தான் என்று காட்டினார்கள். செம்பு நுண்ணுயிர்களைக் கொல்லும் என்பதால், மண்கலத்தில் அழிந்துவிடும் பொருளும் வெண்கலத்தில் தப்பிக்க வாய்ப்புண்டு. அறிவியலின் பெயரால் பல பத்தாண்டுகள் நின்ற தீர்ப்பைத் திருத்த முடிந்ததற்குப் புதிய கருவி மட்டும் காரணமில்லை. படிவை யாரும் கழுவிவிடவில்லை என்பதே முதற்காரணம்.

கலத்தில் ஒட்டிய படிவை வேதியியலால் அடையாளம் காணும் இந்த முறையின் பெரிய குறை, அது தேடும் அடையாளங்கள் பிறந்த மண்ணைச் சார்ந்தவை என்பது. துருக்கியின் கோர்டியனில், மைதாஸ் மன்னனோடு தொடர்புபடுத்தப்படும் கல்லறை 1957இல் திறக்கப்பட்டது. அதன் வெண்கலக் கலங்களில் திராட்சை மதுவும் பார்லி பீரும் தேன்மதுவும் கலந்த பானம் இருந்ததாகத் தொல்பொருள் வேதியியலாளர் பாட்ரிக் மெக்கவர்னின் குழு 1999இல் அறிவித்தது. திராட்சைக்கு அவர்கள் கொண்ட முக்கியச் சான்று டார்டாரிக் அமிலம். மத்தியதரைக் கடல் பகுதியில் அது நியாயமான சான்று. நம் ஊரில் அந்த அமிலம் நிறைந்தது புளி! அலெக்சாண்டர் ரீ 1899 முதல் ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்த வெண்கலக் கலங்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. அப்படியொரு கலத்தில் டார்டாரிக் அமிலம் தென்பட்டால், அது மதுவா, புளிக்கரைசலா, பிற்காலத்தில் யாரோ பளபளப்பாக்கத் தேய்த்த புளியா? ஓர் அமிலத்தை மட்டும் நம்புவதில்லை, செந்நிறத் திராட்சையின் நிறமியான மால்விடினையும் தேடுகிறோம் என்று வல்லுநர்கள் மறுக்கலாம். ஆனால் மால்விடின் நாவற்பழத்திலும் இருக்கிறது. கள்ளின் நிலை இன்னும் மோசம். அதன் சர்க்கரையும் அமிலங்களும் நீரில் எளிதில் கரைந்து போகும். கள்ளின் தடயம் கிடைக்கவில்லை என்பதை வைத்து, கள் இல்லை என்று எழுதிவிடக் கூடாது. நம் புளியையும் பனையையும் நாவலையும் வைத்து ஒப்பீட்டுத் தரவை உருவாக்காமல் இங்கே தீர்ப்புச் சொல்வது அவசரம்.

கழுவாமல் விட்டால் குளோரைடு வெண்கலத்தை அரித்துத் தின்றுவிடும் என்ற எதிர்வாதத்தில் உண்மை இருக்கிறது. 1930இல் எழும்பூரில் ஆய்வகம் தொடங்கி, மின்பகுப்பால் களிம்பு நீக்கிப் பல வெண்கலங்களைக் காத்த எஸ். பரமசிவனுக்கு நாம் கடன்பட்டவர்கள். இருந்தாலும், களிம்போடு ஒட்டிய உணவுத் தடயமும் அந்தச் சிகிச்சையில் போய்விடுகிறது. இரண்டில் ஒன்றைத்தான் காக்கலாம் என்று எண்ண வேண்டியதில்லை. சுத்தம் செய்யும் முன் கலத்தின் உட்புறத்தில் சில மில்லிகிராமும், ஒப்பிட வெளிமண்ணில் கொஞ்சமும் சுரண்டி எடுத்தால் போதும். அதைக் கண்ணாடிக் குப்பியில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக்கின் வேதிப்பொருள் மாதிரியில் கலந்துவிடும். செலவு அதிகம் என்பதும் முழுச் சரியில்லை. உணவுப் பரிசோதனைக் கூடங்கள் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களை அளக்கும் அதே நுட்பம்தான் முதற்கட்டத்துக்குத் தேவை. திருவள்ளூருக்கு அப்பால் பட்டரைப்பெரும்புதூரில் அகழ்ந்த மாநிலத் தொல்லியல் துறை, இனி எந்தக் குழியிலும் கலத்தில் தண்ணீர் படும் முன் மாதிரி எடுப்பதைக் கட்டாய விதியாக்க வேண்டும்.