பந்தைக் கொடுத்துவிட்டு ஓடுபவர்

அணியில் பெரிய ஸ்கோரர் ஒருவர் இருந்தால் பந்தை அவரிடம் கொடுத்துவிட்டு மற்ற நால்வரும் ஒதுங்கி நிற்பது கூடைப்பந்தில் பழகிப்போன வழி. 2014இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் பயிற்சியாளராக வந்த ஸ்டீவ் கெர், அணியின் பெரிய ஸ்கோரர் ஸ்டெஃபன் கர்ரியை அப்படி மட்டும் ஆடவிடவில்லை. பல நேரம் பந்து சக ஆட்டக்காரர் டிரேமண்ட் கிரீன் கையில் இருக்கும், கர்ரி ஓடிக்கொண்டிருப்பார்.

அந்த ஓட்டம்தான் அழகு. பந்தை கிரீனிடம் தள்ளிவிட்டதும் எதிரணிக்காரர் ஒரு கணம் அசந்துவிடுவார். அதற்குள் கர்ரி, சக ஆட்டக்காரருக்காக எதிரணிக்காரரை மறித்து ஸ்கிரீன் போடப் போவதுபோல் நெருங்கி, சட்டென்று திரும்பி மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே பாய்ந்துவிடுவார். பதறிப்போய் இருவர் அவரைத் துரத்துவார்கள். கூடைக்கடியில் இன்னொருவர் தனியாக நிற்பார். சுலபமான லேஅப். அந்தப் புள்ளிகளின் கணக்கில் கர்ரியின் பெயரே வராது! அவருடைய நெடுந்தூர வீச்சுகளைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

இப்படிப் பந்தில்லாமல் ஓடுவதன் பலனைப் பாருங்கள்: அப்போது இதே அணியில் இருந்த கிளே தாம்சன், 2016 டிசம்பரில் இந்தியானா பேசர்ஸுக்கு எதிராக 29 நிமிடங்களில் 60 புள்ளிகள் குவித்தார். அன்று அவர் பந்தைத் தரையில் தட்டியது மொத்தம் 11 முறை.

பார்த்துக் கொடுக்க ஒரு கிரீன் இல்லையென்றால் இத்தனை ஓட்டமும் வீண்தான். வாரியர்ஸின் பழைய ஆட்டம் ஏதாவது கிடைத்தால், பந்தை விட்டுவிட்டு கர்ரியின் 30ஆம் எண் சட்டையை மட்டும் பாருங்கள்.