குற்றம் சென்சாருடையதுதானா?

சாரலில் நனைந்த வாடகைக் கார் ஒன்று தென்காசியில் பட்டறைக்கு வருகிறது. வேகமானியின் முள் அசையவில்லை. குறி காட்டும் கருவியைச் செருகினால் 'பி 0500' என்கிறது. "சென்சார் போயிற்று, மாற்று!" என்று உடனே தீர்ப்பு. சீசன் முடிவதற்குள் நாலு காசு பார்க்க வேண்டிய ஓட்டுநர் மறுபேச்சின்றிப் பணத்தை எடுக்கிறார். இந்த அவசரத்தைத்தான் ஏற்க முடியவில்லை.

அந்தக் குறி சொல்வது, வேகச் செய்தி கணிப்பொறிக்குச் சரிவர வரவில்லை என்பதை மட்டுமே. காரணத்தை அது சொல்வதில்லை. கியர் பெட்டியின் வெளியீட்டுத் தண்டோடு சுழலும் பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் கடக்கையில் சென்சாரில் ஒரு மின்துடிப்பு எழுகிறது. பல் உடைந்திருக்கலாம், கம்பி அறுந்திருக்கலாம், இணைப்பில் நீர் புகுந்து பச்சைக் களிம்பு ஏறியிருக்கலாம். பல புதிய கார்களில் கியர் பெட்டியில் அந்தச் சென்சாரே கிடையாது; சக்கரங்களில் உள்ளவையே வேகத்தைச் சொல்கின்றன!

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். தென்காசியிலிருந்து குற்றாலம் சுமார் 5 கி.மீ. தூரம். பெரும்பாலான வண்டிகளில் வேகமானிக்கும் தூரமானிக்கும் ஒரே துடிப்புதான் கணக்கு. முள் அசையாமலே தூரமானியில் 5 கூடியிருந்தால், துடிப்பு பிறக்கிறது, சென்சார் நிரபராதி. முள்ளையும் அப்பாலுள்ள கம்பியையும் பாருங்கள்.

தானியங்கிக் கியர் வண்டியில் துடிப்பு நின்றால், கியர் மாறாமல் ஒன்றிலேயே நின்றுவிடுவதும் உண்டு. செங்கோட்டை தாண்டிப் புளியரை ஏற்றத்தில் இது விளையாட்டல்ல. ஆனால் எஞ்சின் உறுமியும் வண்டி வேகம் பிடிக்காமல், முள்ளும் அதையே காட்டினால்? சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. நழுவுவது உள்ளேயுள்ள கிளச்சு.