தேயிலையின் உற்பத்தியாளர் யார்?

தேயிலைத் தொழிலில் உற்பத்தியாளர் யார் என்ற கேள்விக்கு இடத்துக்கு ஒரு பதில் உண்டு. 1883 முதல் நடக்கும் கொழும்பு ஏலத்தைக் கேட்டால், தன் முத்திரையோடு தேயிலையை அனுப்பும் தொழிற்சாலைதான். சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் அந்த இடத்தில் இருப்பது பெருந்தோட்டக் கம்பனி. இரத்தினபுரியிலும் காலியிலும் மாத்தறையிலும் சொந்தக் காணியில் கொழுந்து பறித்து விற்கும் சிற்றுடைமையாளரும் உற்பத்தியாளர்தான்; இலங்கைத் தேயிலையில் 70 சதவீதத்துக்கு மேல் அவர்களுடைய கொழுந்திலிருந்தே வருகிறது. லிந்துலை மலைகளில் தலைமுறை தலைமுறையாகக் கூடை சுமக்கும் பெண்ணுக்கு மட்டும் அந்தப் பெயர் கிடைத்ததில்லை. அவள் தொழிலாளி, செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டில் முழு நாட்சம்பளத்துக்கான முழுப் பேர் அல்லது பாதிக்கான அரைப் பேர்.

அண்மை ஆண்டுகளில் அவளையும் உற்பத்தியாளர் என்று அழைக்கும் ஏற்பாடு ஒன்று மலையகத்தில் பரவிவருகிறது. வெளியார் உற்பத்தி முறை என்பார்கள். கம்பனி தன் பொறுப்பிலுள்ள மலையில் ஒரு துண்டைக் குடும்பத்திடம் ஒப்படைக்கும். களை எடுப்பது, உரமிடுவது, கொழுந்து பறிப்பது எல்லாம் குடும்பத்தின் வேலை. உரமும் மருந்தும் கம்பனி தரும். அதன் விலையைப் பிறகு கழித்துக்கொள்ளும். கொழுந்தை அதே கம்பனிக்குத்தான் கொடுக்க வேண்டும். நாட்சம்பளம் கிடையாது, கிலோவுக்கு இவ்வளவு என்று பணம். காணியோ அரசுக்குச் சொந்தம். 1970களில் தேசியமயமாகி, 1992இல் முகாமை தனியார் கைக்கு மாறி, பின்னர் நீண்டகாலக் குத்தகைக்கு விடப்பட்டது.

இந்த முறையைச் சுரண்டல் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. நாட்சம்பளத்தின் குறை பெரியது. சந்தை ஏறும்போது அது ஏறுவதில்லை. 2016 கூட்டு ஒப்பந்தம் தந்த 730 ரூபாவில் அடிப்படைச் சம்பளம் 500. விலைப் பங்கு என்ற பெயரில் 30 ரூபா. 2019இல் அந்தப் பங்கு 50 ஆனது. பெயர்தான் பங்கு, ஏலவிலை எப்படிப் போனாலும் தொகை நிலையானது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையூடாக நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது. மறு ஆண்டு ரூபா சரிந்தபோது தேயிலையின் ஏலவிலை ரூபாக் கணக்கில் ஏறத்தாழ இரு மடங்கானது. தென்பகுதிச் சிற்றுடைமையாளரின் கொழுந்து விலையும் கூடவே உயர்ந்தது. தோட்டத் தொழிலாளியின் 1,000 ரூபா மட்டும் 2024 செப்டெம்பரில் 1,350 ஆகும் வரை நின்ற இடத்திலேயே நின்றது. அரிசியும் மாவும் விலையேறிய அந்த நாட்களில், விலையில் பங்கிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று லயத்தில் இருப்பவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வேறு நன்மைகளும் உண்டு. காலையில் பேர் பதியும் பெரட்டுக்களத்துக்கு ஓட வேண்டாம். இரண்டு கிலோ குறைந்ததற்காக அரைப் பேர் போடும் கணக்கப்பிள்ளையோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு மலைக்குப் போகலாம். தன் பொறுப்பிலுள்ள செடி என்றால் களையும் கவ்வாத்தும் கவனமாக நடக்கும்.

ஆனால் உற்பத்தியாளர் என்பவருக்கு மூன்று விஷயங்கள் சேர்ந்தே வரவேண்டும்: விலையில் பங்கு, நட்டத்தின் சுமை, முடிவெடுக்கும் உரிமை. சினிமாவிலும் தயாரிப்பாளர் என்ற பெயர் பணத்தைப் போட்டு நட்டத்தை ஏற்பவருக்குப் போவது, எதை எடுப்பது, எப்போது வெளியிடுவது என்பதில் அவர் சொல் செல்லும் என்பதால்தான். வெளியார் உற்பத்தி முறையில் நட்டம் உடனே குடும்பத்தின் தலைக்கு மாறுகிறது. விலையின் பங்கு அரைகுறையாக வருகிறது. முடிவெடுக்கும் உரிமை பெரும்பாலும் தோட்டத் துரையின் கந்தோரிலேயே தங்கிவிடுகிறது.

லிந்துலையையே எடுத்துக்கொள்வோம். 1,200 மீற்றருக்கு மேலுள்ள திம்புள்ளைப் பிரதேசத்துத் தேயிலை இது. ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட குளிர்காற்று வீசும்போது கொழுந்து குறையும். மணமும் சுவையும் கூடும், ஏலத்தில் நல்ல விலை போகும். கிலோவுக்கு ஒரே விலை என்று எழுதிவைத்தால், அந்த மாதங்களில் கொழுந்துக் குறைவு குடும்பத்துக்கு, தரத்துக்கான விலை தொழிற்சாலைக்கு. 2021இல் இரசாயன உரம் தடைசெய்யப்பட்டபோது விளைச்சல் விழுந்தது. தடை நீங்கிய பின் உரவிலை எட்டாத உயரத்துக்குப் போனது. கூலிக்கு உழைத்தவருக்கு அந்த நட்டம் நேரடியாக வரவில்லை. துண்டுக்காணிக் குடும்பத்துக்கு அது கொழுந்துப் பணத்தில் கழிவாக வரும்.

இழப்பதற்கும் இருக்கிறது. நாட்சம்பளத்தின் மேல் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் கட்ட வேண்டும். வேலையை விடும்போது பணிக்கொடையும் உண்டு. தொழிலாளி, உற்பத்தியாளர் ஆனதும் அவர் கொடுக்கும் கொழுந்துக்கு இவை எதுவும் சேராது. ஒப்பந்தம் குடும்பத் தலைவர் பெயரில் இருந்தால், பறிக்கும் பெண்ணின் உழைப்பு கணக்கிலேயே வராது. நேற்றுவரை செக்ரோலில் தன் பேரில் சம்பளம் வாங்கியவள், இன்று கணவன் கையிலிருந்து வாங்க வேண்டும்.

பட்டம் மாறினால் போதாது என்பதற்குக் கேரளத்தின் மூணாறு சாட்சி. 2005இல் டாட்டா டீ அங்கிருந்து ஒதுங்கியபோது உருவான கண்ணன் தேவன் மலைத்தோட்டக் கம்பனியில் பெரும்பான்மைப் பங்கு ஊழியர்களிடம் போனது. தமிழ்த் தொழிலாளர்களும் பங்குதாரர் ஆனார்கள். ஆனால் 2015இல் 20 சதவீத போனஸ் 10 ஆகக் குறைக்கப்பட்டபோதுதான் அந்தப் பங்குக்கு எவ்வளவு குரல் என்று தெரிந்தது. ‘பெம்பிளை ஒருமை’ என்று அறியப்பட்ட தோட்டப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டு, தங்கள் பங்குள்ள கம்பனிக்கு எதிராகவே தெருவில் உட்கார வேண்டியிருந்தது. கென்யாவின் சிறுவிவசாயிகள் வேறு வழியில் வந்தவர்கள். காணி அவர்களுடையது, கொழுந்து அரைக்கும் தொழிற்சாலையிலும் அவர்களுக்குப் பங்கு. மாதாந்தப் பணத்துக்கு மேல் ஆண்டு முடிவில் இரண்டாவது கொடுப்பனவும் உண்டு. முகாமையோடு அவர்களுக்கும் தகராறு தீரவில்லை. ஆனால் தகராறு செய்யும் உரிமை உரிமையாளருடையது.

இலங்கையில் புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. கொழுந்து வாங்கும் தொழிற்சாலை விற்பனை வருமானத்தில் 68 சதவீதத்தைச் சிற்றுடைமையாளருக்குக் கொடுத்து 32ஐத் தான் எடுத்துக்கொள்வது என்ற கணக்கு ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. அந்தக் கணக்கு தோட்டக் குடும்பத்தின் ஒப்பந்தத்திலும் எழுதப்பட வேண்டும். காணிக்குக் கம்பனியின் வாய்ச்சொல் போதாது. பதிவான நீண்டகாலக் குத்தகை வேண்டும், அதில் பெண்ணின் பெயரும் இருக்க வேண்டும். சேமலாப நிதிக்கு ஈடான ஏற்பாடு வேண்டும். விலை பிடிக்காவிட்டால் வேறு தொழிற்சாலைக்குக் கொழுந்து கொடுக்கும் உரிமை வேண்டும். இந்த நான்கும் உள்ள இடத்தில் வெளியார் உற்பத்தி முறை நாட்சம்பளத்தைவிட மேலானது. அதை எதிர்க்கும் தொழிற்சங்கம் தன் சந்தாக் கணக்கைத்தான் பார்க்கிறது என்று சொல்லலாம். இவை இல்லாத இடத்தில், சம்பளத்தையும் சேமலாபத்தையும் விட்டுக்கொடுத்து உற்பத்தியாளர் என்ற பெயரை வாங்குவது தோட்டக் குடும்பத்துக்கு நட்ட வியாபாரம்.