மணி சைபன்

மீனும் கீரையும் ஒரே நீரில் வளரும் அக்வாபோனிக்ஸில் இன்று சென்சார்களும் டைமர்களும் நிறைய வந்துவிட்டன. அவற்றுள் எனக்கு மிகப் பிடித்த தானியங்கி, தனக்கென மின்சாரம் கேட்காத மணி சைபன்தான்.

ஜல்லி நிரப்பிய செடித்தொட்டியில் நிமிர்ந்து நிற்கும் ஒரு பிவிசி குழாய். அதன்மேல் கவிழ்த்த, தலை மூடிய, அடியில் வெட்டுகள் கொண்ட பெரிய குழாய். அவ்வளவுதான் பொருள். மீன்தொட்டி நீரை பம்ப் ஓயாமல் ஏற்றுகிறது. மட்டம் உள்குழாயின் வாயைத் தாண்டியதும், வழியும் நீர் உள்ளிருக்கும் காற்றையும் இழுத்துச்செல்ல, சைபன் பிடித்துக்கொள்கிறது. தொட்டி மளமளவென்று வடிகிறது. மட்டம் வெட்டுகளுக்கு இறங்கியதும் காற்று புகுந்து ஓட்டம் அறுகிறது. மறுபடி நிரம்பத் தொடங்குகிறது.

நீர் இறங்கும்போதெல்லாம் ஜல்லி இடுக்குகளில் காற்று நுழைகிறது. மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு செடிகளுக்கு உணவாகும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களுக்கு அந்த ஆக்சிஜன் கட்டாயம் வேண்டும். கீழே கொட்டும் நீர் மீன்களுக்கும் ஆக்சிஜன் சேர்க்கிறது.

வரத்து குறைந்தால் நீர் சும்மா வழியும், சைபன் பிடிக்காது. கூடினால் பிடித்தது அறாது. வால்வை மெல்லத் திருகி இடைப்பட்ட அளவைக் கண்டுபிடிப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது.

தீவனத்திலும் இப்படியொரு எளிமை உண்டு: நீரில் தொங்கும் தண்டை மீன் முட்டினால், மேலிருக்கும் கலத்திலிருந்து தீவனம் விழும். பசித்த மீனே நேரத்தைத் தீர்மானிக்கிறது.

பிஎச், அம்மோனியா அளவுகளைப் பார்க்கக் கருவிகள் தேவைதான். ஆனால் தானியக்கம் கற்க வருகிறவர்கள் முதலில் மணி சைபனைத் தங்கள் கையால் செய்து பார்க்க வேண்டும்.