சிலேடையும் பேச்சு வழக்கும்

15ஆம் நூற்றாண்டினர் எனக் கருதப்படும் காளமேகப் புலவரின் சிலேடை வெண்பாக்களை வெறும் சொல் விளையாட்டென ஒதுக்கும் போக்குத் திறனாய்வாளர் சிலரிடையே உண்டு. திருமலைராயன் அவையில் அதிமதுர கவியோடு அவர் நிகழ்த்தியதாக மரபுக் கதைகள் கூறும் வசைப் போட்டியும் இக்கருத்துக்குத் துணைபுரிந்துள்ளது. ஆயின், அவ்விளையாட்டின் கருவி யாது என்பது ஆராயத்தக்கது.

பாம்பையும் வாழைப்பழத்தையும் இணைக்கும் வெண்பாவை நோக்குக. தோலுரித்தல் இரண்டற்கும் இயல்பாகவே பொருந்துகிறது. 'நஞ்சு' என்னுஞ் சொல்லோ பாம்பிடத்து விடத்தையும், பழத்திடத்து 'நைந்து' என்பதன் பேச்சு வடிவத்தையும் குறிக்கிறது. தண்டியலங்காரம் செம்மொழி, பிரிமொழி என வகுத்த சிலேடை, இங்கு பேச்சொலியையே பற்றி நிற்கிறது. ஏட்டுத் தமிழ் மட்டும் அறிந்தவனுக்கு இந்நகை புலப்படாது.

1960களில் ஈழத்தில் பேச்சுமொழி 'இழிசனர் வழக்கு' எனப் பழிக்கப்பட்டது. மரபின் பெயரால் அவ்வாறு பழித்தோர், மரபுப் புலவர் ஒருவரே அவ்வழக்கை வெண்பாவின் கட்டுக்குள் ஏற்றிருந்தமையை எண்ணிப்பார்க்கவில்லை.

சிலேடை அனைத்தும் கவிதையாகா. இணைக்கப்படும் பொருள்கள் புதிதாகக் காணப்படாவிடத்து அஃது அகராதிப் பயிற்சியாகவே முடியும். காளமேகத்தின் சிறந்த வெண்பாக்களிலோ புலவர் மொழியும் பொதுமக்கள் மொழியும் ஒரே சொல்லில் சந்திக்கின்றன. அச்சந்திப்பே அவரது நகையின் நிலைக்களன்.