கடன்தர நிர்ணயமும் அரசாங்கத்தின் கையும்

2021 டிசம்பரில் ஃபிட்ச் நிறுவனம் இலங்கையின் கடன்தரத்தை ‘சிசி’ என்ற படிக்கு இறக்கியபோது, அது அவசரப்பட்ட முடிவென்று அறிக்கை விட்டுக் கண்டித்தது நம் மத்திய வங்கி. நான்கு மாதம் நிறைவதற்குள், 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதற்கில்லை என்று அரசாங்கமே கைவிரித்தது. தரமிடும் நிறுவனங்களை அரசாங்கம் கட்டுப்படுத்துவதா, அவை தம்மைத்தாமே ஒழுங்குபடுத்திக்கொள்ள விட்டுவிடுவதா என்ற விவாதத்தில் இறங்குவோர், இந்தச் சம்பவத்தை மறந்துவிட்டுப் பேசுவதில் பிரயோசனமில்லை.

சுயக்கட்டுப்பாட்டின் பட்சத்தில் சொல்லக்கூடிய நியாயம் ஒன்றுண்டு: பெயர் கெட்டால் பிழைப்புக் கெடும் என்ற அச்சமே சட்டத்தைவிட நல்ல காவல் என்பது. ஜான் மூடி 1909இல் அமெரிக்க ரயில்வே கம்பனிகளின் பத்திரங்களைத் தரம் பிரித்துப் புத்தகமாக விற்ற காலத்தில், அதைக் காசு கொடுத்து வாங்கியவர் முதலீட்டாளராக இருந்தபடியால் இந்த நியாயம் செல்லுபடியாயிற்று. 1970களில், தரமிடப்படும் கம்பனியே கட்டணம் செலுத்தும் வழக்கம் வந்து சேர்ந்ததும் அச்சம் திசை மாறிவிட்டது. வாடிக்கையாளனின் மனம் கோணாதிருப்பதே பிழைப்பாயிற்று. சர்வதேச பிணைய ஆணைக்குழுக்களின் அமைப்பு 2004இல் ஓர் ஒழுக்கக் கோவையை வகுத்துக் கொடுத்ததும், பின்னர் குப்பையாகிப்போன அமெரிக்க வீட்டுக்கடன் பத்திரங்களுக்கு இந்நிறுவனங்கள் அதியுயர் தரத்தை வாரி வழங்கியதும் ஒரே தசாப்தத்து விஷயங்கள்.

ஆகவே சட்டம் அவசியம். இங்குள்ள தரமிடல் நிறுவனங்களும் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் அனுமதி பெற்றே இயங்குகின்றன. கம்பனிகளைத் தரமிடும் மட்டும் அது சரிதான். ஆனால் நாட்டின் மிகப் பெரிய கடனாளி அரசாங்கமாயிருக்கையில், தரத்தின் மீதே அதற்கு அதிகாரம் கொடுப்பது, கொழுந்து மடுவத்தில் தண்ணீருக்கும் சாக்குக்கும் கிலோ கழிக்கிற தோட்டத்தின் கையிலேயே தராசையும் விட்டுவைப்பதற்குச் சமானம்.

வலப்பனை, இராகலைப் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஃபிட்ச் என்ற பெயர் காதில் விழுந்திருக்க நியாயமில்லை. ஆயினும் மாதந்தோறும் அவள் சம்பளத்தில் பிடிபடும் 8 வீதமும் தோட்டம் சேர்க்கும் 12 வீதமும் போய்ச் சேரும் ஊழியர் சேமலாப நிதி பெரும்பாலும் அரசாங்கப் பிணையங்களிலேயே முதலிடப்பட்டிருக்கிறது. அந்த நிதியை முதலிட்டு நிர்வகித்து வந்ததோ, தரக்குறைப்பைக் கண்டித்து அறிக்கை விட்ட அதே மத்திய வங்கி! 2023இல் நடந்த உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது, அந்நிதி பழைய திறைசேரி முறிகளில் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு, 2026 வரை 12 வீதமும் அப்பால் 9 வீதமும் வட்டி தரும் புதிய முறிகளை ஏற்க நேர்ந்தது. ஐம்பது வயதில் அப்பணத்தை எடுத்து ஒரு கூரையை மாற்றலாமென்றிருப்பவளிடம், எங்கே முதலிடலாமென்று எவரும் அபிப்பிராயம் கேட்டதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் இயற்றிய ஒழுங்குவிதி, பட்சபாதத்தைத் தவிர்ப்பது, கணிப்பு முறையை வெளியிடுவது முதலியவற்றில் நிறுவனங்களை இறுகப் பிடித்துவிட்டு, தரத்தின் உள்ளடக்கத்தில் மட்டும் எந்த அதிகாரியும் தலையிடலாகாதென்று விலக்கியிருப்பது, இச்சிக்கலை நேர்மையாக எதிர்கொண்ட ஏற்பாடென்பது என் துணிபு. கட்டணம் கொடுப்பவன் அங்கும் பெரும்பாலும் தரமிடப்படுபவனே என்ற குறை நீங்கவில்லை. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அமெரிக்கா வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. அரசாங்க விதிகள் இத்தரங்களை ஆதாரமாகக் கொள்வதையே நீக்கச் சொன்னது. இங்கோ நிதிக் கம்பனிகளின் வைப்பு விளம்பரங்களில் அச்சாகும் தர எழுத்துகளை ஜனங்கள் அரசாங்க முத்திரையாகவே வாசிக்கிறார்கள். அந்த மயக்கத்தைத் தெளிவிக்காமல் வழங்கப்படும் அனுமதிப் பத்திரம் அவர்களுடைய நம்பிக்கையைத்தான் வளர்க்கிறது, பாதுகாப்பை அல்ல.