இல்லக் கணக்கு: கூடலூரிலும் இலங்கையிலும்

ஒரு குடும்பம் தன் வரவு செலவுகளைக் குறித்து வைப்பதும் வைக்காததும் அக்குடும்பத்தாரின் குணத்தைப் பொறுத்த விஷயம் என்றே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். கணக்கெழுதும் இல்லத்தரசியைக் கெட்டிக்காரி என்று புகழ்வதும், எழுதாதவளைச் செலவாளி என்று பழிப்பதும் இந்த எண்ணத்திலிருந்து பிறப்பவையே. ஆயினும், கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியிலுள்ள கூடலூர் வீடுகளையும், இலங்கையில் மலையகத் தோட்டங்களிலும் யாழ்ப்பாணக் கிராமங்களிலுமுள்ள தமிழர் வீடுகளையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு வேறோர் உண்மை புலப்படும். பணம் எந்தக் கால அளவில், யார் கை வழியாக வீட்டுக்குள் வருகிறதோ, அதுவே கணக்கின் வடிவத்தை நிர்ணயிக்கிறது. குணம் அதற்குப் பின்னரே வந்து சேருகிறது.

கூடலூரின் ஜீவனம் தண்ணீரிலிருந்து தொடங்குகிறது. பென்னிகுக்கின் முயற்சியால் 1895இல் நிறைவேறிய அணையிலிருந்து, மலையைக் குடைந்த சுரங்க வழியாகக் கிழக்கே திரும்பும் முல்லைப் பெரியாற்று நீர், லோயர் கேம்ப்பில் மின்சாரம் உண்டாக்கிவிட்டு இவ்வூர் வயல்களை நனைத்துக்கொண்டே வடக்கே செல்கிறது. ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் திறந்துவிடும் வருஷங்களில் பள்ளத்தாக்கு முழுவதிலும் 14,707 ஏக்கர் இருபோக நிலம் பயிராகிறது. நெல்லுக்கு வருஷத்தில் இரண்டு முறை பணம் வருகிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சைக்கோ, கவாத்து முடிந்த நாள்முதல் ஏறக்குறைய நான்கு மாதம் மருந்துக்கும் உரத்துக்கும் ஆள்கூலிக்கும் கைப்பணம் கரைந்துகொண்டே இருந்து, பழம் வெட்டும்போதுதான் மொத்தத் தொகை கண்ணில் படுகிறது. நிலமில்லாத வீடுகளிலிருந்து பெண்கள் விடியுமுன்னே ஜீப்பில் ஏறிக் குமுளி மலைக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாயத் திரும்புகிறார்கள். அவர்களுக்கு வரும்படி பெரும்பாலும் வாரக் கூலி.

இவ்விதம் மாதம் என்னும் அளவே முக்கியமில்லாத ஊரில், மாத வரவு செலவுத் திட்டம் என்பது வேரூன்றாமற் போனதில் வியப்பில்லை. இங்கே வீட்டுச் செலவின் பெரும்பகுதி மளிகைக்கடைக்காரரின் நோட்டிலும் உரக்கடைக்காரரின் நோட்டிலுமே பதிவாகிறது. “பத்துல எழுதிக்கங்கண்ணே” என்று பற்றெழுதச் சொல்லிவிட்டுச் சாமானை வாங்கிச் செல்லும் வீட்டுக்காரர், அறுவடை முடிந்து கடன் தீர்க்கும் நாளில்தான் தம் வீடு அந்தப் போகத்தில் எவ்வளவு உண்டது என்பதை அறிகிறார். செலவழித்தவர் ஒருவர், எழுதியவர் மற்றொருவர் என்ற இந்த ஏற்பாட்டில் சௌகரியம் உண்டு. தன் வாழ்க்கையின் விவரம் தன் கையில் இல்லை என்ற குறையும் உண்டு. அந்தக் குறையை ஒருவாறு ஈடுசெய்வது பெண்களின் சிறுவாட்டுப் பணம். அரிசிப் பானையிலும் புடவை மடிப்பிலும் சேரும் அதற்கு ஏடு கிடையாது. சேர்த்தவளின் ஞாபகமே ஏடு.

எழுதாத ஊர் என்று இதனால் எவரும் முடிவு கட்டிவிடலாகாது. கூடலூரில் எழுத்துப் பிசகாமல், தலைமுறை கடந்தும் காப்பாற்றப்படும் கணக்கு ஒன்று இருக்கிறது. அது மொய் எழுதும் செய்முறை நோட்டு. காதணி விழாவிலோ கல்யாணத்திலோ மண்டபத்தில் மேஜை போட்டு இருவர் அமர, ஒருவர் பணத்தை எண்ணி வாங்குகிறார், மற்றவர் எழுதுகிறார். மேலே பிள்ளையார் சுழி, தாய்மாமனுக்கு முதலிடம், அதன்பின் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று ஊரும், தலைப்பெழுத்தோடு பெயரும், தொகையும் வரிசையாக இறங்குகின்றன. விசேஷம் முடிந்ததும் அந்த நோட்டு பத்திரங்களோடு பீரோவுக்குள் போய்விடுகிறது. 501 ரூபாய் செய்தவர் வீட்டில் விசேஷம் வரும்போது நோட்டைப் புரட்டிப் பார்த்து, அதே 501ஐச் செய்தால் கணக்கு நேராகிவிட்டது என்றும், கூட்டிச் செய்தால் உறவு மேலும் நடக்கிறது என்றும் பொருள். வட்டியில்லாக் கடனும், வங்கியில்லாச் சேமிப்பும், பந்துக்களின் ஜாபிதாவும் ஒன்றாய்ச் சேர்ந்த இந்த ஏட்டை மதுரைச் சீமையில் இப்போது கணினியிலும் பதிகிறார்கள். தன் சாப்பாட்டுச் செலவை எழுதாத வீடு பிறர்க்குச் செய்ய வேண்டியதை எழுதி வைக்கிறது என்பது இப்பக்கத்து மக்களின் மனப்போக்கை நன்கு காட்டுகிறது.

இனி இலங்கையைப் பார்ப்போம். மதுரை, திருச்சி, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் திரட்டிச் சென்ற மக்களுக்கு, அக்கரையில் கால் வைக்கும் முன்பே ஒரு கணக்கு எழுதப்பட்டிருந்தது. வழிச்செலவும் முற்பணமும் அவர்கள் பேரில் கடனாயின. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் போக வேண்டுமாயின், அந்தக் கடன் தொகையைக் குறித்த ‘துண்டு’ என்னும் சீட்டைப் புதிய தோட்டம் பணம் கொடுத்து மீட்க வேண்டியிருந்தது. 1921இல் இந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை, தமிழ்த் தொழிலாளியின் குடும்பக் கணக்கு அவருடைய வீட்டில் இல்லை. துரையிடமும் கங்காணியிடமும் இருந்தது.

ஆயினும் அந்த அநீதியின் ஊடே மாதக் கணக்கு என்னும் பழக்கம் மலையகத்தில் ஊன்றிவிட்டது. இன்றும் தோட்டத்துச் சம்பளச் சீட்டில், மாதத்தில் விழுந்த ‘பேர்’ என்னும் வேலைநாள் எத்தனை, மேலதிகமாகப் பறித்த கொழுந்து எத்தனை கிலோ என்பவை ஒருபுறமும், சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு, தொழிற்சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம் என்று கழிவுகள் மறுபுறமும் நிற்கின்றன. அதைக் கையில் வாங்கியவுடன் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லி, ஒரு பேர் குறைந்திருந்தாலும் கணக்கப்பிள்ளையிடம் போய்க் கேட்பது தாய்மார்களின் வழக்கம். பிறர் எழுதிய கணக்கைச் சோதிப்பதே அவர்களுக்குக் கணக்குப் பயிற்சியாயிற்று.

யாழ்ப்பாணத்தின் கதை வேறு. கொழும்பிலும் மலாயாவிலும் உத்தியோகம் பார்த்தவர்கள் மாதந்தோறும் அனுப்பிய பணத்தில் குடும்பங்கள் நடந்தமையால், மணியோடர்ப் பொருளாதாரம் என்றே அதற்குப் பெயர் ஏற்பட்டது. குறித்த நாளில் குறித்த தொகை வரும் வீட்டில், அரிசிக்கு இவ்வளவு, பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு, மகளின் சீதனத்துக்கு இவ்வளவு என்று கொப்பியில் கோடு கிழித்துப் பிரிப்பது இயல்பாகிறது. 1885இல் தொடங்கிய தபால் சேமிப்பு வங்கியும், 1911ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப்பின் பரவிய கூட்டுறவுச் சங்கங்களும் அப்பழக்கத்துக்கு ஆதாரமாய் நின்றன. மூளாயில் 1936 முதல் கூட்டுறவு முறையிலேயே ஓர் ஆஸ்பத்திரி நடந்தது என்பது, சிறு தொகைகளைச் சேர்த்துக் கணக்குக் காட்டும் ஒழுங்கு அச்சமூகத்தில் எவ்வளவு ஆழமாய்ப் பதிந்திருந்தது என்பதற்குச் சாட்சி. 1995 அக்டோபர் இறுதியில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதி மக்கள் ஒரே இரவில் ஊரைவிட்டுப் பெயர நேர்ந்தபோது, அடையாள அட்டையும் காணி உறுதியும் வங்கிப் புத்தகமும் இருந்த பையே பல குடும்பங்களுக்கு மிஞ்சிய ஆஸ்தி.

இரு முறைகளையும் காலம் சோதித்துவிட்டது. 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவை ஆனபோது, தமிழ்நாட்டுப் பெண்கள் கணவரும் அறியாமல் வைத்திருந்த சிறுவாடு வெளியே வர வேண்டியதாயிற்று. எழுத்தில் இல்லாத சேமிப்புக்கு எத்தனை பலவீனம் உண்டு என்பதை அவர்கள் அன்று கண்டார்கள். இலங்கையிலோ 2022 செப்டம்பரில் கொழும்பு விலைவாசி முந்திய வருஷத்தைவிட ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது உயர்ந்தபோது, ஒழுங்காகப் பாஸ்புத்தகத்தில் சேர்த்தவர்களின் தொகை எழுத்தில் குறையாமலே மதிப்பில் தேய்ந்தது. செய்முறையாய் உறவிலே போட்டு வைத்த முதல் அவ்வளவு விரைவில் தேய்வதில்லை. ஆனால் உறவுகள் யுத்தத்தாலும் புலம்பெயர்வாலும் சிதறிய இடத்தில் அந்த முதலைத் திரும்பப் பெறும் வழியும் குறைவு. ஒன்று நல்லது, மற்றொன்று தீயது என்று தீர்ப்புக் கூறுவதற்கு இங்கே இடமில்லை.

இருநாட்டுப் பெண்களும் ஒரே பாடத்தைக் கற்ற இடம் குழுக்கள். 1989இல் தருமபுரியில் தொடங்கி, 1992இல் நபார்டு வங்கி இணைப்புத் திட்டத்தால் வலுப்பெற்ற மகளிர் சுய உதவிக் குழுக்களில், பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் கூடி அமர்ந்து, சேமிப்பும் கடனும் தவணையும் எல்லார் காதிலும் விழும்படி வாசிக்கிறார்கள். சணச என வழங்கும் இலங்கைச் சிக்கன கடனுதவு சங்கங்களிலும் கணக்கு உறுப்பினர் முன்னிலையில் வைக்கப்படுவதே நியதி. இந்த வாசிப்பு அற்றுப்போய், வாரத் தவணை வசூல் மட்டும் எஞ்சிய இடங்களில் விளைந்த கேட்டையும் கண்டோம். 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நுண்கடன்களை இலங்கை அரசே ஏற்கும் நிலை வந்தது. ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் என்று ஓடும் வீட்டில், மொத்தக் கடன் எவ்வளவு என்ற ஒரு வரி மட்டும் எங்கும் எழுதப்படுவதில்லை.

இக்காலத்தில் கைப்பேசியால் பணம் செலுத்துவோர், எல்லாம் அதிலேயே பதிவாகிவிடுகிறது, தனியே எழுதுவானேன் என்கிறார்கள். பதிவு வேறு, கணக்கு வேறு. எது அவசியம், எது தவிர்க்கத் தக்கது, எது பிறர்க்குச் சேர வேண்டியது என்று ஒருவர் பகுத்துப் பார்த்த பின்னரே பதிவு கணக்காகிறது. ஆகவே என் அபிப்பிராயம் இதுதான்: கூடலூர் வீடு செய்முறை நோட்டில் காட்டும் சிரத்தையைத் தன் போகச் செலவுக்கும் காட்டி, உரக்கடை நோட்டுக்கு எதிராகத் தன் நோட்டு ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும், மலையகத் தாய் சம்பளச் சீட்டைச் சோதிக்கும் கூர்மையோடு, அந்தச் சம்பளம் போகும் வழியையும் தன் கையாலேயே எழுத வேண்டும். கடைக்காரரோ கங்காணியோ தோட்ட நிர்வாகமோ எழுதும் கணக்கு எவ்வளவு ஒழுங்காயிருப்பினும் அவரவர் தேவைக்காக எழுதப்படுவது. குடும்பத்தின் தேவையை அறிந்து எழுத அக்குடும்பத்தை நடத்துபவரைத் தவிர வேறொருவர் இல்லை.